தள்ளுவதைத் தாங்கும் இரும்பு

கயிறு இருக்கும்போது இரும்பு எதற்கு என்ற கேள்வியை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் பட்டறை வாசலில் நின்று கேட்காத டிராக்டர்க்காரர் இல்லை; கேட்டவர்களுள் பெரும்பாலோர் விடையை என்னிடமிருந்து பெறாமல், கண்மாய்க் கரையின் சரிவிலோ, நெடுஞ்சாலையில் குறுக்கே வந்துவிட்ட ஆட்டுமந்தையின் முன்னிலையிலோ தாமே பெற்றுக்கொண்டார்கள் என்பதும் என் அநுபவம். ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியைப் பிணைத்து ஓட்டும் காரியத்தில் இழுப்பது பெரிய விஷயமே அல்ல. முன்வண்டி நிற்க நினைக்கும் தருணத்தில் பின்வண்டி நிற்க நினைப்பதில்லை. அது முன்னே வந்து தள்ளுகிறது. இழுப்பதற்குக் கயிறு போதும், சங்கிலி போதும், அவசரத்துக்கு முறுக்கிய பழைய சேலைகூடப் போதும். தள்ளுவதைத் தாங்குவதற்குத்தான் தண்டு வேண்டும்.

பந்தல்குடி, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக எட்டயபுரத்தையும் தூத்துக்குடியையும் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கரிசல் சக்கரத்தை விடாது, பெய்யாவிட்டால் அதே கரிசல் பொடியாகிப் பறந்து எல்லா இரும்பின் இடுக்கிலும் குடியேறும். தெற்கேயிருந்து உப்பு லாரி வரும். பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் வரும். திருச்சுழிப் பக்கத்துக் காடுகளிலிருந்து சீமைக்கருவேல விறகும் கரிமூட்டையும் டிரெய்லர் நிறையக் குவிந்து வரும். கோடை முற்றினால் இவை எல்லாவற்றையும்விடத் தண்ணீர் டாங்கர்களே அதிகமாக வரும். இத்தனைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில், வெல்டிங் பெட்டியும் துளைபோடும் இயந்திரமும் வைத்துக்கொண்டு, வண்டியை வண்டியோடு பிணைக்கும் இரும்புகளைச் செய்வதும் பழுது பார்ப்பதுமே என் ஜீவனம். டிராக்டரோடு டிரெய்லரைச் சேர்க்கும் தண்டை ‘டிராபார்’ என்றும், நின்றுபோன காரையோ வேனையோ கட்டி இழுக்கும் தண்டை ‘டோ பார்’ என்றும் நாங்கள் சொல்லுவோம். இரண்டும் ஒரே வம்சந்தான்.

என் தகப்பனார் மாட்டுவண்டி செய்த ஆசாரி. ஏர்க்காலுக்கு மரம் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டிய சிரத்தையைச் சக்கரத்தில்கூடக் காட்டியதில்லை என்று எனக்கு ஞாபகம். அந்த நீண்ட மரம் மாடு வண்டியை இழுப்பதற்காகவே இருக்கிறது என்று சிறுவயதில் நான் நினைத்திருந்தேன். “இழுக்கிறதுக்கு மட்டும்னா ரெண்டு கயிறு போதாதாலே? இறக்கத்துல வண்டி மாட்டு மேல ஏறாம இருக்கணும்ல, அதுக்குத்தான் இந்த மரம்” என்று ஒருநாள் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். இறக்கத்தில் காளைகள் பின்னுக்குச் சாய்ந்து, முன்னே வரும் நுகத்தடியைத் தடுத்து, வண்டிப் பாரம் முழுவதையும் அந்த ஒற்றை மரத்தின் வழியாகவே தாங்கிக்கொண்டு அடிமேல் அடிவைத்து இறங்குவதைப் பார்த்த பிறகு அவர் சொன்னது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. சக்கரத்தில் அழுத்தும் முட்டுக்கட்டை அந்த நாளில் பெயருக்கு ஏற்றபடி ஒரு கட்டையாகவே இருந்தது. இப்போது அந்தச் சொல் மேடைகளில் எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. முட்டுக்கட்டை என்றால் நல்ல காரியத்துக்குத் தடை என்று பொருள் சொல்லுகிறவர்கள் பாரவண்டியை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

தகப்பனாரின் தொழில் அவர் கண்முன்னேயே மெலிந்தது. சென்னையில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் சிவப்பு மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் எங்கள் காடுகளிலும் உழ ஆரம்பித்தபின், உழவு இல்லாத நாள்களில் அவை டிரெய்லரைக் கட்டிக்கொண்டு பாரம் இழுக்கவும் புறப்பட்டுவிட்டன. நான் வாய்ச்சியை விட்டு வெல்டிங் ராடைப் பிடித்தேன். அருப்புக்கோட்டையில் எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி அதிகம் படித்தவர் அல்லர்; ஆனால், கரித்துண்டால் பட்டறைச் சுவரில் அவர் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று இன்றைக்கும் என் தொழிலின் அஸ்திவாரமாக இருக்கிறது. 5 டன் பாரத்தோடு ஒரு டிரெய்லர் சமமான தார்ச்சாலையில் உருள்வதற்கு, அந்தப் பாரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு இழுப்புப் போதும். அதாவது 100 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் கரையில் ஏறினால் அதனோடு இன்னும் 500 கிலோ சேரும். அதே டிரெய்லர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், ஓர் இளைஞன் சைக்கிளை விரைந்து மிதிக்கும் அந்த வேகத்தில், வந்துகொண்டிருக்கும்போது 5 மீட்டருக்குள் நிறுத்தியாகவேண்டிய அவசியம் நேர்ந்தால், டிரெய்லருக்கென்று தனியாகப் பிரேக் இல்லாத பட்சத்தில், அது டிராக்டரின் முதுகில் ஒன்றேகால் டன் கனத்தோடு மோதும். எங்கள் பக்கத்து டிரெய்லர்களில் பிரேக் என்பது பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே இருக்கும் உறுப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, தண்டு செய்துகொள்ள வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எவ்வளவு ஏத்துவீங்க?” என்பதல்ல, “எங்க இறங்குவீங்க?” என்பதே. இழுப்பை மட்டும் மனத்தில் வைத்து மெலிந்த பட்டையில் செய்த தண்டு, இழுக்கும்போது இன்னும் நேராகும். தள்ளும்போது நாணலைப்போல் நடுவில் வளைந்துவிடும். நீளம் கூடக்கூட அந்த வளைவு சுலபமாகும். நல்ல கனமுள்ள குழாயோ, இரண்டு சேனல்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பெட்டியாக வெல்டிங் வைத்த தண்டோ அப்படி இலேசில் வளைய இசைவதில்லை. முக்கோணமாக இரண்டு கைகள் விரிந்து வரும் தண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: பக்கவாட்டில் வரும் உந்தலையும் அது இரண்டு கைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால், தண்டு முறிந்து நான் பார்த்ததைவிட முளை முறிந்து பார்த்ததே அதிகம். எங்கள் பேச்சில் அது ‘பின்’. டிராக்டரின் பின்புறத்துத் தாடை இரண்டு தகடுகளாக இருந்து, டிரெய்லரின் வளையம் அவற்றின் இடையில் புகுந்து, பின் மூன்றையும் ஊடுருவி நிற்குமானால், வருகிற விசையை அது இரண்டு இடங்களில் பங்கிட்டுத் தாங்குகிறது. ஒரே தகட்டில் செருகிய பின்னைவிட ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும். இந்த லாபத்தை விட்டுவிட்டு, ஒற்றைத் தகட்டில் கனமான பின்னைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களை நான் தடுத்துப் பார்ப்பேன். இரும்பின் ஜாதியையும் பார்க்கவேண்டும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டு, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவிசைவரை அறுந்துபோகாது. அதில் ஐந்தில் நான்கு பங்குவரை நிரந்தரமாக நீண்டுபோவதும் இல்லை. அத்தகைய போல்ட்டையே வாங்கிப் போட்டாலும், அதன் மரை தகடுகள் சந்திக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தால் பயன் கெட்டுவிடும். மரையின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரிசல் பிறப்பதற்கான தொட்டில். வழவழப்பான தண்டுப்பகுதியே தாடைக்குள் இருக்கவேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்தபின், வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய முறுக்குக் கம்பியில் ஒரு முழத்தை வெட்டிச் செருகிக்கொண்டு வந்து நிற்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வயதானபின்னும் இது மாறவில்லை.

நானும் யோக்கியன் அல்லன். தொழிலைத் தனியாகத் தொடங்கிய சில ஆண்டுகளில், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைவிட உறுதியான இரும்பு உலகத்தில் இல்லை என்ற அபிப்பிராயத்தில் இருந்தேன். அதில் ஒரு துண்டை வெட்டித் தாடைத் தகடாக ஒரு டிரெய்லர் தண்டில் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். ஸ்பிரிங் எஃகு, வளைந்து வளைந்து மீளுவதற்கென்று பதம் வைக்கப்பட்டது. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு சட்டென்று சிவந்து சட்டென்று ஆறும்போது அந்தப் பதம் கெட்டு, ஓர் ஓரம் முழுவதும் கண்ணாடியைப்போல் உடையும் தன்மை அடைந்துவிடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம், விறகு ஏற்றிக் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது, வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் அந்தத் தகடு கற்கண்டை உடைத்ததுபோல் முறிந்து, டிரெய்லர் தனியாகப் பிரிந்து, கரையைவிட்டுக் கண்மாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள்சேதம் இல்லை. விறகு முழுவதும் வெடித்துக் கிடந்த சேற்றுப் பாளங்களின்மேல் சிதறிக் கிடந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் என்னை ஏசுவார் என்று தலைகுனிந்து நின்றேன். “விடுங்க அண்ணாச்சி, கண்மாயில தண்ணி இல்லாதது இன்னைக்கு ஒருநாளாவது நமக்கு நல்லதாப் போச்சு” என்றார். அந்தப் பெருந்தன்மை ஏச்சைவிட அதிகமாக என்னைச் சுட்டது. உடைந்த தகட்டை இன்னும் வைத்திருக்கிறேன். உடைந்த முகத்தில் மணிமணியாக மின்னும். அதன்பின் சாதாரண மெல்லிரும்பில் கனத்தைக் கூட்டிச் செய்வதையே வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு சங்கிலிகள் இல்லாமல் எந்தத் தண்டையும் வாசலைத் தாண்டவிட்டதும் இல்லை. சங்கிலிகள் தண்டின் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கவேண்டும். பின் போய்விட்டாலும் தண்டின் மூக்கு தரையில் குத்தாமல், அந்தக் குறுக்கில் தொட்டில் பிள்ளையைப்போல் விழுந்து கிடக்கும். வண்டி திரும்புவதற்கு வேண்டிய தொய்வுக்குமேல் ஓர் அங்குலமும் நீளம் கூடாது.

பராமரிப்பு என்று வரும்போது, என் சாமர்த்தியமெல்லாம் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயிலும் ஒரு டப்பா சுண்ணாம்புப் பொடியிலும் அடங்கிவிடும். பின்னையும் வளையத்தையும் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடுத்து ஈரம் போகத் துடைத்துவிட்டு, மேலே பொடியை மெல்லத் தூவி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் சிறிது நேரத்தில் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல் ஒரு கோட்டை எழுதிக் காட்டும். சுண்ணாம்புக்கல் பூமியில் பிறந்த எனக்கு இந்தச் சோதனையின்மேல் ஒரு தனிப் பிரியம் என்பதை மறைப்பதற்கில்லை. சுத்தியால் தட்டிக் கேட்பதும் உண்டு. குறையில்லாத வளையம் மணிபோல் நீண்டு ஒலிக்கும், விரிசல் விழுந்தது விரிந்த பானையைப்போல் சொத்தென்று அடங்கும். தேய்மானத்துக்கு என் கணக்கு, பின்னின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் அது பழைய இரும்புக் கடைக்கு உரியது என்பது. வட்டமான துளை முட்டை வடிவமாகிவிட்டால், நிறுத்தும்போதும் புறப்படும்போதும் அந்த இடைவெளியில் வண்டி ஓடிவந்து இடிக்கிறது. இடி பெரிதாகப் பெரிதாகத் துளை இன்னும் பெரிதாகும். ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் வண்டி பழகிவிட்டது என்று சில டிரைவர்கள் நினைக்கிறார்கள்.

கிரீஸ் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரரோடு எனக்கு ஓயாத வழக்கு. கிரீஸை அள்ளி அப்பினால் இரும்புக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். எங்கள் கரிசல் தூசு அதில் ஒட்டிக் குழைந்து, பட்டறையில் வால்வு தேய்ப்பதற்கு நாங்கள் காசு கொடுத்து வாங்கும் பசையைப் போலாகி, பின்னை இரவும் பகலும் அரைத்துக்கொண்டிருக்கும். பழையதை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, விரலில் ஒட்டும் அளவு பூசுங்கள் என்பேன். உப்பு லாரிகளின் சங்கதி வேறு. அவற்றின் அடியில் சொட்டுகிற உப்புநீர் பட்ட சங்கிலியைத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் எண்ணெய் மட்டும் போடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுக் கட்டுவது போன்றது.

எங்கே மாட்டுவது என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் டிராபார்தான் இழுப்பதற்கு உரிய இடம். மேலே டாப் லிங்க் மாட்டும் துளையில் சங்கிலியைப் போட்டு, சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க முனைந்தால், இழுக்கும் புள்ளி பின்னச்சுக்கு மேலே இருப்பதால், டிராக்டர் முன்சக்கரங்களைத் தூக்கி நிமிர்ந்து, ஓட்டுகிறவன்மேலேயே மல்லாக்கக் கவிழும். கிளட்சை மிதிக்கலாம் என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாரம் ஏற்றுவதிலும் இதேபோல் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் சற்று முன்னே இருந்து, பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்டின்மேல் அமரவேண்டும். பின்னே குவித்தால் மூக்குத் தூக்கி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைத்து, வாலை ஆட்டிக்கொண்டு வரும். 2017இல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்த கோடையில், வண்டலை எப்படிக் கொட்டியதோ அப்படியே ஏற்றிக்கொண்டு கரையேறிய டிரெய்லர்களின் மூக்குகள் வானத்தைப் பார்த்ததையும், அந்த ஒரு கோடையில் எனக்கு வந்து சேர்ந்த வளைந்த தண்டுகளையும் நினைத்தால், அரசாங்கம் என் தொழிலுக்கும் ஏதோ மானியம் அளித்ததாகவே தோன்றுகிறது.

தண்ணீர் டாங்கர் இவை எல்லாவற்றிலும் பொல்லாதது. நிறைந்த டாங்கரைவிடப் பாதி நிறைந்த டாங்கரே ஆபத்தானது என்று சொன்னால், எடை குறைந்தது எப்படி அதிகமாகத் தள்ளும் என்று பரிகாசம் செய்வார்கள். 5,000 லிட்டர் டாங்கர் நிறைந்திருந்தால் அதிலுள்ள 5 டன் தண்ணீரும் ஒரே கல்லைப்போல் அசையாமல் வரும். இரண்டு தெருவுக்கு ஊற்றிவிட்டு மீதியோடு புறப்பட்ட டாங்கரில், பிரேக் போட்ட மறுகணம் தண்ணீர் தனியாக ஓடிவந்து முன்சுவரில் அறைகிறது. வண்டி நின்றுவிட்டது என்று டிரைவர் காலைத் தளர்த்தும் நேரம் பார்த்து அந்த அறை விழும். உள்ளே துளைகளிட்ட தடுப்புத் தகடுகளைக் குறுக்கே வைத்து, அடியில் தண்ணீர் வடிய மட்டும் வழிவிட்டால் அலை அடங்கும். அந்தத் தகட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு செய்த டாங்கர்களின் பின்களைத்தான் நான் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறேன்.

நெடுஞ்சாலையில் நின்றுபோகும் கார்களுக்காக ஒரு டோ பாரை எப்போதும் எண்ணெய் துடைத்துத் தயாராக வைத்திருப்பேன். திருச்செந்தூருக்குப் போன ஒரு குடும்பத்தின் கார் எஞ்சின் நின்றுபோக, பின்னால் வந்த லாரிக்காரர் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் நைலான் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்; என் கொட்டகை தெரிந்ததும் அவர் பிரேக்கை அழுத்தினார், கார் அவருடைய பின்பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கார் ஓட்டியவர், “மிதிச்சேன் அண்ணாச்சி, பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சு” என்றார். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும்; பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்; சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். என் காலத்தின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள், இழுபடும் வண்டியில் உரிமம் பெற்ற ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும், அல்லது அதன் திரும்பும் சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கப்பட்டிருக்கவேண்டும் என்றும், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேற்படக்கூடாது என்றும் எழுதியிருந்தன. அவற்றை எழுதியவர் ஒருமுறையாவது கயிற்றின் பின்முனையில் உட்கார்ந்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கயிற்றைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில், அதன் நடுவே ஒரு நனைந்த சாக்கைப் போட்டுவிடுவது என் பழக்கம். அறுந்த கயிறு சாட்டையாகி ஆள்மேல் பாயாமல் அந்த ஈரச் சாக்கு அதைக் கீழே அமுக்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் டெக்ஸாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேருந்தளவு பெரிய வீட்டுவண்டிகள், படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்க, பின்னால் ஒரு முழுக் காரையும் ஆளில்லாமல் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு, எங்கள் விதி அனுமதித்ததைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் போவதைக் கண்டேன். சேருமிடத்தில் வீட்டுவண்டியை நிறுத்திவிட்டுக் கடைகண்ணிக்குக் காரில் போகலாம் என்பதற்காக இந்த ஏற்பாடாம். மருமகன் வேண்டாம் என்று தடுத்தும், ஒரு தங்குமிடத்தில் அப்படிப்பட்ட வண்டியின் கீழே குனிந்து பார்த்தேன். சொந்தக்காரரான வெள்ளைக்காரப் பெரியவர் கோபிக்காமல், தாமும் முழங்காலிட்டு எல்லாவற்றையும் காட்டினார். காரின் முன்புறம் சட்டத்தோடு போல்ட்டு வைத்த தகடு. அதிலிருந்து வீட்டுவண்டியின் 2 அங்குலச் சதுரக் குழிக்கு முக்கோணமாகச் செல்லும் தண்டு. அதன் இரண்டு கைகளும் குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்குபவை. காரை ஏறக்குறைய நேராகக் கொண்டுவந்து நிறுத்திக் கைகளை இழுத்து மாட்டிவிட்டு, வீட்டுவண்டியை மெல்ல முன்னே நகர்த்தினால், கைகள் ஒவ்வொன்றாக நீண்டு, ‘டக்’ என்று தாமே பூட்டிக்கொள்கின்றன.

பின்பு அவர் காட்டிய சாமான்களெல்லாம் தள்ளுவதைப் பற்றியவையே. காரின் பிரேக் மிதியில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. முன்வண்டி வேகம் குறைக்கும்போது அது மிதியைத் தானே அழுத்தும். தண்டு அறுந்து கார் பிரிந்துபோனால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு அதே பிரேக்கை முழுவதும் பிடிக்கச் செய்யும். குறுக்காகப் பின்னிய இரண்டு எஃகு வடங்களைக் கண்டபோது, எங்கள் கண்மாய்க்கரையில் நான் கற்றதை அவரும் எங்கோ கற்றிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். தண்டின் இரண்டு முனைகளும் உயரத்தில் 4 அங்குலத்துக்குமேல் வித்தியாசப்படக்கூடாது என்றார். சரிந்து நின்றால் பிரேக் போடும்போது முன்வண்டியைத் தூக்கவோ அமுக்கவோ செய்யும். குழி, தண்டு, தகடு மூன்றிலும் எதன் தாங்குதிறன் குறைவோ அதுவே மொத்தத்தின் தாங்குதிறன். கைகளுக்கு கிரீஸ் போடுவதில்லை, தூசு ஒட்டாத உலர்ந்த சிலிக்கோன்தான் தெளிப்பது என்று அவர் சொன்னபோது, பந்தல்குடியில் என்னோடு வழக்காடிய அத்தனை பேரும் பக்கத்தில் இல்லையே என்று வருந்தினேன். பின்னோக்கி மட்டும் ஓரடிகூட ஓட்டக்கூடாதாம். காரின் முன்சக்கரங்கள் தம் மனம்போல் திரும்பிக்கொண்டு தண்டை முறுக்கிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல கார்களை இப்படி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் பாய்வதில்லை, உள்ளே காய்ந்து உரசிக் கெட்டுவிடும்.

விடைபெறும்போது அந்தப் பெரியவர், பின் கழன்று விழாமல் அதன் துளையில் மாட்டும் வளைந்த கம்பி ஊசி ஒன்றை எனக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்தார். நம் கடைகளில் ‘ஆர் கிளிப்’ என்று கிடைப்பதே. ஆனால், அங்கே துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று இருந்தது. ஊருக்கு வந்தபின், பின்னுக்குக் கிளிப்பே இல்லாமல் வந்து நின்ற ஒரு டாங்கர்க்காரப் பையனுக்கு அதை மாட்டிவிட்டேன். “அமெரிக்காச் சாமானா அண்ணாச்சி!” என்று வியந்துகொண்டு போனான். எட்டாம் நாள் தண்ணீர் ஏற்றப் போகிற வழியில் நிறுத்தியவனின் வண்டியைக் குனிந்து பார்த்தேன். ஊசி இருந்த துளையில் வேலிக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தான். “எங்கப்பா அது?” என்றேன். “மச்சான் வண்டிக்கு வேணும்னு கேட்டான், குடுத்துட்டேன்” என்றான். கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து உள்ளூர் கிளிப் ஒன்றை எடுத்து மாட்டி, பத்து ரூபாய் கேட்டேன். நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.